டாக்டர் என்ன சொன்னார்

– வேணாம்னா வேணாம், டீச்சர். அந்த மைக்கை எடுத்து உள்ள வைங்க.

– அண்ணே, நீங்க சீட்டு தைக்க வந்தீங்களா, இல்ல என் வாயைத் தைக்க வந்தீங்களா?

– ரெண்டுக்குந்தான். ஊசி கையிலதான் இருக்கு. சாயந்தரம் படவிழா ஆரம்பிக்குது. இப்ப வந்து, இந்த வருஷம் திரையில எழுத்து கிடையாது, எல்லாத்தையும் மைக்குல சொல்லிருவேன்னா என்ன அர்த்தம்?

– தமிழ்ல சொல்லுவேன்னு அர்த்தம். படத்துல அவங்க பிரெஞ்சுல பேசுவாங்க. நான் ஓரமா உக்காந்து கூடவே தமிழ்ல சொல்லிட்டு வருவேன். ஜனங்க காதால கேட்டுக்கிட்டு, கண்ணால நிம்மதியா படத்தைப் பாக்கலாம். கீழ ஓடுற எழுத்தைத் துரத்திக்கிட்டுக் கிடக்க வேணாம்.

– துரத்துறவங்க துரத்தட்டுமே. இத்தனை வருஷமா எழுத்துதானே போட்டீங்க. நல்லாத்தானே இருந்துச்சு.

– என்னத்தை நல்லா இருந்துச்சு. ஏண்ணே, எதுக்கு இப்படிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுறீங்க? நான் என்ன ஆத்துக்கு அக்கரையிலயா நிக்கிறேன்?

– அது பழக்கதோஷம். அது கெடக்கட்டும். நீங்க மைக்கை எடுங்க.

– உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னுதான் எனக்குப் புரியலை. விழாக் குழுவுல இருக்கிறவங்களே சரின்னுட்டாங்க.

– குழுவுல இருக்கிறவங்க ஒரு படத்துக்கு உக்காந்துட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. நான் அப்படியா?

– இல்லைதான். அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். வருஷா வருஷம் விழாவுக்கு முன்னாடி இந்த ஹால்ல கிழிஞ்ச சீட்டையெல்லாம் தைச்சுக் குடுக்கிறது நீங்க. அப்புறம் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்து, அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்து, ஒரு படம் விடாம பாக்குறதும் நீங்கதான். ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

– சொல்லுங்க.

– நீங்க படத்தை ஒழுங்கா பாக்குறதே இல்லை.

– யாரு, நானா?

– போன வருஷம் விழா முடிஞ்சு அந்த ஆஸ்பத்திரிப் படத்தைப் பத்தி வாசல்ல நின்னு ஆபரேட்டர்கிட்ட கதை சொல்லிட்டு இருந்தீங்களே. நான் பின்னால நின்னு கேட்டேன். தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

– ஏன், அது ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த படம்தானே? ஒரு கிழவர் ஆஸ்பத்திரி நடையில பெஞ்சு மேல உக்காந்திருப்பாரு. உள்ள அவர் சம்சாரத்துக்கு ஆபரேஷன். அந்தம்மாவோட செருப்பை மடியில வச்சுக்கிட்டு இருப்பாரு.

– ஆமா. அதுவரைக்கும் சரி.

– கடைசியில டாக்டர் வெளிய வருவாரு. கிழவர் எந்திரிச்சு நிப்பாரு. டாக்டர் என்னமோ நீளமா சொல்லுவாரு. கிழவர் அப்படியே மறுபடியும் பெஞ்சுல உக்காந்துருவாரு. அதோட படம் முடிஞ்சுது.

– ஏன் உக்காந்தாரு?

– சந்தோஷத்துலதான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிட்டாரு டாக்டர்.

– அண்ணே. அந்தம்மா செத்துப் போச்சு.

– இல்லையே.

– என்ன இல்லையே? அந்த வரியை எழுதினவ நான். ‘எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சு பாத்தோம்’னு டாக்டர் ஆரம்பிப்பாரு. அந்த ஒரு பேச்சைத் தமிழ்ல கொண்டு வர எத்தனை வாட்டி எழுதி எழுதி அழிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். நீங்க என்னடான்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டீங்க.

– பொழைச்சுட்டாங்கன்னுதான் எனக்கு ஞாபகம்.

– சரி, அந்தத் தீவுப் படம்? துறைமுகத்துல ஒரு பொண்ணு டெலிபோனுக்காகக் காத்துக்கிட்டே இருக்குமே. கடைசியில மணி அடிக்கும், எடுத்துக் காதுல வைக்கும், கண்ணை மூடிக்கும்.

– புருஷன்தான் பேசுறான். கப்பல் கிளம்பியாச்சு, ஞாயித்துக்கிழமை வந்துருவேங்கிறான்.

– ஐயோ சாமி. எனக்காகக் காத்திருக்காதேன்னு சொல்றான், அண்ணே. அவன் வரவே போறதில்லை.

– அப்படியா சொன்னான்?

– பாலைவனத்துல கிணத்தடியில ரெண்டு அண்ணன் தம்பி நிப்பாங்களே, அது?

– அண்ணன் ஏதோ சொல்லுவான், தம்பி ஒட்டகத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போவான். இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரு, சேந்து சாப்பிடலாம்னுதான் சொல்லி அனுப்புறான்.

– இனிமே இந்தப் பக்கம் கால் வைக்காதேன்னு சொல்லி அனுப்புறான். போங்கண்ணே. உங்க கணக்குல ஒருத்தரும் சாகுறதில்லை, ஒருத்தரும் பிரியுறதில்லை. நிஜத்தைச் சொல்லுங்க, எழுத்து வரும்போது தூங்கிட்டீங்கதானே?

– தூங்கலை. ஒரு படத்துக்கும் நான் தூங்கினதில்லை. கண்ணு கொட்டாம உக்காந்திருப்பேன்.

– அப்ப எழுத்து உங்களுக்கு வேகமா ஓடுது, அதான் விஷயம். பாத்தீங்களா, உங்களுக்கும் சேத்துத்தான் இந்த மைக்கு.

– எனக்காக வேணாம் டீச்சர். நான் எப்படியோ பாத்துக்குவேன்.

– உங்களுக்காக மட்டும் இல்லை. நம்ம ஹாலைக் கூட்டித் துடைக்கிற அக்கா இருக்காங்கள்ல, போன வருஷம் அவங்களை நான்தான் வலுக்கட்டாயமா உக்கார வச்சேன். வாங்கக்கா, உலகத்துல எந்தெந்த மூலையிலேர்ந்தோ படம் வந்திருக்குன்னு. ஒரு படம் பாத்தாங்க. ரெண்டாவதுல எந்திரிச்சு வந்துட்டாங்க. ஏன்க்கா, பிடிக்கலையான்னு கேட்டேன். படம் அழகாத்தான் இருக்கு டீச்சர், ஆனா எனக்குப் படிக்க வராதேன்னாங்க. அதைச் சொல்லும்போது தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க அண்ணே. எனக்கு ரொம்ப அவமானமாப் போச்சு. வாசல்ல எல்லாரும் வாங்கன்னு கொட்டை எழுத்துல போட்டு வச்சிருக்கேன். அதையே படிக்க முடியாதவங்களை எப்படிக் கூப்பிடுறதுன்னு இத்தனை வருஷமா நான் யோசிச்சதே இல்லை.

– அவங்கவங்க ஒரு வழி வச்சிருப்பாங்க, டீச்சர். நீங்க மனசுல போட்டுக்காதீங்க.

– என்ன வழி? படிக்கத் தெரியாதவங்க சப்டைட்டில் படத்துக்கு வந்து என்ன பண்ணுவாங்க?

– அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க. இந்த ரெக்ஸினை நேரா வெட்டணும்.

– இந்தாங்க. பேச்சை மாத்தாதீங்க.

– சரி, நான் ஒண்ணு கேக்குறேன். ரெண்டையும் வச்சா என்ன? எழுத்தும் ஓடட்டும், நீங்களும் பேசுங்க.

– செஞ்சு பாக்காமலா இருப்பேன்? எழுத்து அதுவா ஓடுறது இல்லை அண்ணே. படத்துல ஆளு வாயைத் திறக்கும்போது நான் பட்டனைத் தட்டணும், அப்பத்தான் அந்த வரி திரையில வரும். அவங்க நிறுத்தினா நானும் நிறுத்தணும். ஒரு தட்டு முந்திப் போச்சுன்னா பொண்டாட்டி பேச்சு புருஷன் வாயில வந்துரும். அதைத் தட்டிக்கிட்டே மைக்குலயும் பேசிப் பாத்தேன். ரெண்டும் கோவிந்தா.

– வேற யாராவது தட்டட்டுமே.

– எப்பத் தட்டணும்னு தெரிய பிரெஞ்சு தெரியணும். இங்க என்னை விட்டா யாருக்குத் தெரியும்? அதுவும் இந்த வாட்டி வந்திருக்கிற படங்களைக் கேட்டா எனக்கே திணறுது. பேருதான் ஒரே பாஷை. பனி நாட்டுக்காரங்க பாதியை முழுங்கிட்டுப் பேசுறாங்க. தீவுக்காரங்க இழுத்து இழுத்துப் பேசுறாங்க, அவங்க சண்டை போட்டாக்கூட தாலாட்டு மாதிரி இருக்கு. ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த படத்துல ஒரு பாட்டி ஒவ்வொரு வார்த்தையையும் கல்லு எடுத்து வைக்கிற மாதிரி வச்சுப் பேசுது. கேக்கக் கேக்க எனக்குப் பைத்தியமே பிடிக்குது, அவ்வளவு ஆசையா இருக்கு.

– ஒரு பாஷையை வச்சுக்கிட்டு எத்தனை ஊர்க்காரங்க அழுவுறாங்க, பாருங்க.

– சிரிக்கவும் சிரிக்கிறாங்க. இந்த வருஷம் ஒரு படம் இருக்கு, லிஃப்டுல மாட்டிக்கிட்ட மாமனார் மருமகள். வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. அதையெல்லாம் எல்லாரும் கேக்கணும் அண்ணே. அதான் மைக்கு.

– கேக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க, டீச்சர்?

– என்னது?

– உங்களுக்குப் படிக்க முடியாதவங்க ஞாபகம் வந்துச்சு. நல்ல மனசு. கேக்க முடியாதவங்க ஞாபகம் வரலையே.

– அப்படி இங்க யாரு வர்றாங்க?

– தூணுக்குப் பக்கத்து சீட்டுல உக்காருறவ வர்றா.

– உங்க வீட்டம்மாவா?

– ம்.

– அண்ணே. எனக்குத் தெரியாதுண்ணே.

– யாருக்குமே தெரியாது. வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கே ஏதோ லேசா மந்தம்னுதான் தெரியும். சுத்தமா கேக்காது. ஒரு காய்ச்சல் வந்துச்சு, காய்ச்சல் போகும்போது அதையும் தூக்கிட்டுப் போயிருச்சு.

– போன வருஷம் நான் வாங்கம்மான்னு கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை. கொஞ்சம் கர்வம் பிடிச்சவங்க போலன்னு நெனச்சுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

– எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. அவளும் அதுவே தேவலைன்னு விட்டுட்டா. செவிடின்னு சொல்றதுக்குக் கர்வக்காரின்னு சொல்லிட்டுப் போகட்டுமேங்கிறா. அந்த சீட்டை ஏன் பிடிச்சு வச்சிருக்கோம் தெரியுமா? தூணை ஒட்டினாப்புல இருக்கிறதால அதுக்குப் பின்னால சீட்டு கிடையாது. பின்னாலேர்ந்து யாராவது கூப்பிட்டு, இவ திரும்பாம இருந்து, அவங்க ஒரு மாதிரி பாக்குறது, அதெல்லாம் இல்லை பாருங்க.

– டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?

– பெரிய டாக்டர்கிட்டயே காட்டினேன். அவர் என்னென்னமோ சொன்னாரு. நரம்பே போச்சு, இனிமே வராது, மனசைத் தேத்திக்குங்கன்னாரு. அவ அவரைப் பாக்கவே இல்லை. என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. என்ன சொல்றாருன்னு கண்ணாலயே கேட்டா. நான் என்ன பண்ணுவேன்? நல்லாயிரும்னு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

– அவங்க நம்பினாங்களா?

– தலையை ஆட்டினா. வீட்டுக்கு வந்து சோறு வடிச்சா. அப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை.

– நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்குவீங்க? எழுதிக் காட்டுவீங்களா?

– கைதான். இப்பத் தெரியுதா நான் ஏன் கையை ஆட்டுறேன்னு? சாப்பிட்டியா, மழை வருது, மாமா வந்திருக்காரு, எல்லாம் கையிலயே ஓடிரும்.

– எழுதிக் காட்டினா இன்னும் நெறைய பேசலாமே அண்ணே.

– அது நமக்கு ஒத்து வரலை. அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற. அவளுக்கு சினிமான்னா உசுரு. காது போனப்புறம் ரெண்டு மூணு தடவை நம்ம படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்ம படத்துல எழுத்து எங்க போடுறாங்க? ஹாலே சிரிக்கும். இவ பக்கத்துல இருக்கிறவங்களைத் திரும்பிப் பாத்துட்டு, அப்புறம் சிரிப்பா. கொஞ்சம் தாமதமா. அதை என்னால பாக்க முடியலை டீச்சர். பக்கத்துல உக்காந்து பாக்க முடியலை.

– புரியுதுண்ணே.

– அந்த சமயத்துலதான் இங்க சீட்டு தைக்கிற வேலை வந்துச்சு. விழாவுக்கு நீங்களும் வாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. பிரெஞ்சுப் படம் நமக்கெதுக்குன்னு நெனச்சுக்கிட்டேதான் கூட்டிட்டு வந்தேன். மொதப் படத்துல யாரோ என்னமோ சொன்னாங்க, கீழ எழுத்து வந்துச்சு, ஹால் சிரிச்சுது. அவளும் சிரிச்சா. எல்லாரும் சிரிச்ச அதே நேரத்துல. சில தடவை எல்லாருக்கும் முன்னாடியே சிரிச்சுருவா, படிக்கிறதுல அவ்வளவு வேகம். இங்க வந்தா எல்லாருமே காது கேக்காதவங்கதான் டீச்சர். எல்லாரும் எழுத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கீங்க. அவ ஒருத்தி மட்டும் தனியா இல்லை.

– இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. முகத்தைத் தொடைச்சுக்கிறேன்.

– அதுக்குத்தான் கேக்குறேன். மைக்கை எடுத்துருங்க.

– எடுத்தாச்சு. இதோ, வயரையே பிடுங்கிட்டேன், போதுமா? கூட்டுற அக்காவுக்கு அடுத்த வருஷம் நான் வேற வழி பண்றேன். யாருக்காவது பிரெஞ்சு சொல்லிக் குடுத்தாவது தட்ட வைக்கிறேன். இந்த வருஷம் எழுத்துதான்.

– நல்லா இருப்பீங்க.

– வாழ்த்தெல்லாம் அப்புறம். தைச்சது போதும், எந்திரிங்க. உங்க வீட்டம்மா சீட்டுல போய் உக்காருங்க.

– எதுக்கு?

– இந்த வருஷம் திரையைக் கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்காங்க. அங்கேர்ந்து பாத்தா தூண் மறைக்குமோன்னு சந்தேகமா இருக்கு. அவங்களுக்கு ஒரு எழுத்துகூட விட்டுப் போகக் கூடாது. உக்காந்தாச்சா? இன்னிக்கு ராத்திரிப் படத்துலேர்ந்து ஒரு வரி போடுறேன். தெரியுதா?

– தெரியுது. பளிச்சுன்னு தெரியுது.

– படிங்க.

– நல்லாத் தெரியுது டீச்சர். வெள்ளையா இருக்கு.

– வெள்ளையா இருக்குன்னு எனக்கும் தெரியும். சத்தமா படிங்க. கடைசி வார்த்தை முழுசா தெரியுதா, பாதி தூணுக்குப் பின்னால போகுதான்னு எனக்குத் தெரியணும்.

– நீங்க வந்து உக்காந்து பாருங்களேன்.

– நான் தட்டிக்கிட்டு இருக்கேன்ல. ஒரே ஒரு வரிதானே. கண்ணாடி கொண்டு வரலையா?

– கண்ணாடி எதுக்கு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஊசியில நானேதான் நூல் கோக்குறேன்.

– அப்புறம் என்ன, படிங்களேன்.

– டீச்சர்.

– சொல்லுங்க.

– கடைசியில இருக்கிறது வளைஞ்சு ஒரு புள்ளி வச்ச மாதிரி இருக்கு. அது முழுசாத் தெரியுது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.

– அண்ணே.

– பள்ளிக்கூடத்துக்குப் போற வயசுல மெத்தைக்குப் பஞ்சு அடைக்கப் போயிட்டேன். அப்புறம் அது வரவே இல்லை.

– நான் காலையிலேர்ந்து யாருக்காக இந்த மைக்கோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்? உங்க மாதிரி ஒருத்தருக்காகத்தானே. எதிரயே உக்காந்துக்கிட்டு வேணாம் வேணாம்னு சொல்லிட்டு இருந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

– சொல்லியிருந்தா மைக்கை எடுத்திருக்க மாட்டீங்களே.

– இத்தனை வருஷமா இங்க வந்து, பிரெஞ்சும் புரியாம, எழுத்தும் புரியாம, சும்மா உக்காந்திருந்தீங்களா?

– சும்மா எங்க உக்காந்திருந்தேன்? அவளைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எழுத்து வந்ததும் அவ முகம் மாறும். திரை வெளிச்சத்துல நல்லாத் தெரியும்.

– அவங்களையே உங்களுக்குப் படிச்சுச் சொல்லச் சொல்லலாமே?

– தன் குரல் எவ்வளவு சத்தமா வருதுன்னு அவளுக்குத் தெரியாது. காதுல சொல்றேன்னு ஆரம்பிச்சா ஹாலே திரும்பிப் பாக்கும். அந்தப் பயத்துலயே எங்கயும் பேச மாட்டா. வீட்டுலகூடப் பேச்சு கொறைஞ்சு போச்சு. ஆனா படம் விட்டு நடந்து போவோம் பாருங்க, அந்த வழி பூரா கதை சொல்லிக்கிட்டே வருவா. எனக்காக மொதல்லேர்ந்து சொல்லுவா. அவன் இப்படிச் சொன்னான், அவ அப்படிச் சொன்னான்னு நடிச்சுக் காட்டுவா. விழா நடக்கிற நாள்லதான் எங்க வீட்டுல அவ குரல் கேக்கும்.

– அப்ப அந்த ஆஸ்பத்திரிப் படம், டெலிபோன் படம், அண்ணன் தம்பி படம்…

– எல்லாம் அவ சொன்னதுதான்.

– ஐயோ. நான் பாட்டுக்கு எல்லா முடிவையும் போட்டு உடைச்சுட்டேனே. அவங்க ஏதோ நெனச்சு மாத்திச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம். மன்னிச்சுக்குங்கண்ணே.

– நீங்க எதையும் உடைக்கலை. எனக்கு அப்பவே தெரியும்.

– தெரிஞ்சா எதுக்கு இவ்வளவு நேரம் எங்கிட்ட பொழைச்சுட்டாங்க பொழைச்சுட்டாங்கன்னு சாதிச்சீங்க?

– அவ சொன்னதை நான் இன்னொருத்தர் முன்னாடி விட்டுக் குடுக்க முடியுமா? அந்த டாக்டர் பேச ஆரம்பிச்சதும் கீழ எழுத்து வந்துச்சு. இவ கண்ணுலேர்ந்து தாரை தாரையா தண்ணி. நான் பக்கத்துலதானே இருந்தேன். வெளிய வந்ததும், டாக்டர் என்ன சொன்னாருன்னு கையாலதான் கேட்டேன். கதையெல்லாம் அப்புறம்தான் சொன்னா. மொதல்ல கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. பாத்துட்டு, எனக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா, டீச்சர்.